பந்திப்பூர் கரும்பலகையில் எழுதியிருந்தது

பந்திப்பூர் காட்டு ஆபீஸ் கவுண்டரில் அன்றைக்கு நான் ஒரு பொய் சொன்னேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. நேற்று இந்தக் குழுவில் யாரோ அங்கே விசிட்டர் சென்டர் வாசலில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். பார்த்ததிலிருந்து அந்த நாள்தான் கண்ணுக்குள் ஓடுகிறது!

(நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு இன்றுவரை ஓர் எழுத்தும் தெரியாது. ஞாபகத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.)

அப்போது பெங்களூரில் தொம்மலூரிலிருந்து தினம் சைக்கிள் மிதித்துப் போய், கண்டோன்மெண்டில் ஒரு மேனேஜர் வீட்டில் டிரைவராக இருந்தேன். ஐயா மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான்.

வேலைக்குச் சேரும்போது, "கன்னடம் தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"நல்லா தெரியும் ஐயா."

பேசவா, படிக்கவா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முன்பு இருந்த வீட்டில் எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்த அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள்!

ஐயா, அம்மா, மூன்று வயதுக் குழந்தை. அம்பாசிடரில் பெங்களூரை விட்டு, மைசூரில் தங்கி, விடிந்ததும் காட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

காட்டு ஆபீஸ் ஒரே ஓர் அறை. மேஜை மேல் காட்டெருமை மண்டையோடு. சுவரில் காட்டின் படம், ஏரிக்கு நீலம், பாதைக்குச் சிவப்பு. பக்கத்தில் கரும்பலகை, சாக்பீஸில் ஐந்தாறு வரி, எல்லாம் கன்னடம்.

அங்கிருந்த ஃபாரஸ்ட் கார்டு ஒரு ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார். "போர்டு ஓதி, சஹி மாடப்பா." பலகையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்கிறார்.

கோலம் போடுகிற மாதிரி என் பெயரை வரைந்தேன். (அது ஒன்றுதான் கைக்கு வரும்.)

"என்ன போட்டிருக்கு முனுசாமி?" என்றார் ஐயா.

பலகையை மேலிருந்து கீழே பார்த்தேன். தலையைக்கூட ஆட்டினேன்!

"ஆரன் அடிக்கக்கூடாது, கீழ எறங்கக்கூடாது, சத்தம் போடக்கூடாதாம் ஐயா."

"அவ்வளவுதானா? அஞ்சாறு வரி இருக்கே!"

"கன்னடத்துல கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவாங்க ஐயா."

அம்மா சிரித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

"ஏரிப் பக்கம் போப்பா, அங்கதான் யானை வருமாம்" என்றார் ஐயா. போனேன். வழியில் ஒரு மூங்கில் கழி கீழே விழுந்து கிடந்தது. தடுப்பு என்று அப்போது தோன்றவில்லை, சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டேன்.

சின்னப் பாலம் ஒன்றைத் தாண்டி, வளைவு திரும்பினால்...

பாதையின் நடுவில் பெண் யானை! அதன் காலுக்குள் குட்டி.

முப்பது அடி தூரம் இருக்கும். இரண்டு காதும் முறம் மாதிரி விரிந்தன.

"ஐயோ, ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!" என்றார் ஐயா.

"பண்ணமாட்டேன் ஐயா. நின்னா மறுபடி கிளம்பாது." (காலையில் மைசூரிலேயே தள்ளித்தான் ஸ்டார்ட் செய்திருந்தோம். ஆபீஸ் வாசலில்கூட இன்ஜினை அணைக்கவில்லை.)

குழந்தை விழித்துச் சிணுங்கியது. அம்மா அதன் வாயைப் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"போர்டுல யானையைப் பத்தி எதுவுமே போடலையா?" ஐயாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுப்பா!"

அம்மா கண்ணாடியில் என் முகத்தையே பார்த்தார்கள்.

ரிவர்ஸ் போட்டேன். யானை ஓரடி வைத்தது. நான் இரண்டடி போனேன். அது ஓடி வந்தது! புழுதியில் எதுவும் தெரியவில்லை. பிளிறல் மட்டும் கேட்டது. வந்த வழி முழுக்கப் பின்னாலேயே போக முடியாது, பள்ளத்தில் இறங்கிவிடும்.

அப்போதுதான் சுவரில் பார்த்த படம் கண்ணுக்குள் வந்தது. எழுத்து தெரியாதவன் கோட்டைத்தானே பார்ப்பான்! பாலத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கு எதிர்ப்புறமாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு பிரிந்து, சுற்றி, பெரிய ரோட்டைத் தொட்டது.

பாலத்தைப் பின்னாலேயே தாண்டினேன். செடி மூடிய தடம் இருந்தது! ஸ்டியரிங்கை ஒடித்து அதற்குள் நுழைந்தேன். முள் இரண்டு பக்கமும் கீறியது. யானை பாலத்தருகே நின்றுவிட்டது.

ரோட்டைத் தொட்டதும் வண்டியை நேராக ஆபீஸுக்கு விட்டேன்.

ஆபீஸ் வாசலில் கார்டு காத்திருந்தார். பிளிறல் அவருக்கும் கேட்டிருக்கிறது. நேராக என்னிடம் வந்து கன்னடத்தில் கத்தினார், கத்தினார், அப்படிக் கத்தினார்!

ஐயாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "என்னப்பா சொல்றார்?"

யோசித்துப் பாருங்கள். என்னைத் திட்டுவதை நானே மொழிபெயர்க்க வேண்டும்! 'வண்டி கீறிடுச்சேன்னு வருத்தப்படுறாரு ஐயா' என்றால் முடிந்தது. வேலை பிழைத்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அம்மாவின் கை இன்னும் குழந்தையின் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"குட்டி போட்ட யானை ஏரிகிட்ட நிக்குது, அந்த வழி மூடியிருக்கு, யாரும் போகாதீங்கன்னு போர்டுல எழுதியிருக்காம் ஐயா."

"அப்புறம்?"

"உனக்குப் படிக்கத் தெரியாதான்னு கேக்குறாரு."

ஐயா என் பக்கம் திரும்பினார்.

"தெரியாது ஐயா."

அம்மாதான் கேட்டார்கள். "காலைல எதுக்குப்பா பொய் சொன்னே?"

"வேலை போயிடும்னும்மா."

"உசுரு போயிருந்தா?"



திரும்பும்போது ஐயா முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். மைசூரிலிருந்து பெங்களூர் வரை ஒவ்வொரு மைல்கல்லையும், ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்! கோபமா, பயமா தெரியவில்லை. (அந்த ரோட்டில் எந்தக் கல் எங்கே என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். சொல்லவில்லை.)

திங்கட்கிழமை காலை போனேன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வாசலை எட்டிப் பார்த்தேன்.

வண்டிச் சாவி எனக்காக எப்போதும் மாட்டிவைக்கும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "முனுசாமி, இனிமே போர்டு கண்டா நிறுத்து. யாரையாவது கேட்டுட்டுப் போ."

பதினோரு வருடம் அந்த வீட்டில் ஓட்டினேன்.

நீங்களும் தெரியாத ஒன்றைத் தெரிந்தமாதிரி தலையாட்டியிருக்கிறீர்களா? எழுதுங்கள். போன் எனக்குப் படித்துக் காட்டும்.

அதுவாவது உள்ளதை உள்ளபடி படிக்கும் என்று நம்புகிறேன்!