அம்மா அழுத்திய கட்டை

முதலில் தொடைக்குத்தான் தெரியும். காதுக்கு வருவதற்கு முன்பே சிவப்பு வெல்வெட் இருக்கையின் அடியிலிருந்து ஒரு நடுக்கம் ஏறி, தொடை, முதுகெலும்பு, பல் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு, கடைசியில்தான் "ஊஊம்" என்று ஆர்கன் சத்தமாக மாறும். ஒன்பது வயதில், ஒரு முழுக் கோடை விடுமுறையின் காலைகளை, ஆயிரக்கணக்கான இருக்கைகள் கொண்ட ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து கழித்தேன் என்று சொன்னால் என் யூனிவர்சிட்டி நண்பர்கள் "வாவ், லக்கி" என்பார்கள். லக்கியாம். போங்கடா.

லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போக வேண்டும். வெளியே நின்று பார்த்தால் பெரிய தெருவில் இன்னுமொரு பழைய கட்டடம், பக்கத்தில் கோழிப் பொரியல் கடை, வாசலில் பிங்கோ எண் சூதாட்ட விளம்பரம், அவ்வளவுதான். உள்ளே போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கல்லில் செதுக்கியது போலத் தெரிகிற, தட்டிப் பார்த்தால் வெறும் பிளாஸ்டர் என்று காட்டிக்கொடுக்கிற தூண்கள், தேவாலயத்து வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்றாக நம்மையே நூறாக்கிக் காட்டும் கண்ணாடி வழி. இரண்டு பெரிய யுத்தங்களுக்கு நடுவே, சினிமா பேசத் தொடங்கிய புதிதில், தொழிற்சாலையில் நின்று கால் வலித்தவர்கள் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம் அரண்மனையில் இருக்கட்டும் என்று கட்டினார்களாம். இடைவேளையில் மேடைக்கு முன்னால் தரை திறந்து, வாசிக்கிறவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு குழாய் வாத்தியமான ஆர்கன் லிப்டில் எழும்பி வரும், சனம் கைதட்டும். பிறகு டிவி வந்தது, சனம் வீட்டில் இருந்துவிட்டது, படம் நின்று பிங்கோ வந்தது. ஒரு பெருமழைக்கு நிலக்கீழ் அறையில் தண்ணீர் புகுந்து ஆர்கன் மூழ்கியது. வருடக்கணக்கில் ஊமையாகக் கிடந்ததை, பென்ஷன் எடுத்த சிலர் கூடி, ஒவ்வொரு குழாயாகக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பேச வைத்தார்கள். இதெல்லாம் நான் பின்னாளில் தேடிப் படித்தது. அந்த வயதில் எனக்கு அது அம்மா "கிளீனிங்" போகிற இடம்.

இனி முக்கியமான விஷயம். அந்த வருடம் பங்குனியில் அப்பா "கனடாவுக்கு வேலையாய்" போயிருந்தார். பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கும்போது வந்துவிடுவார் என்று அம்மா சொல்லியிருந்தா. அங்கே அவருக்கு இரவு வேலை, பகலில் நித்திரை, அதனால்தான் போன் இல்லை. நான் நம்பினேன். வீட்டுப் போன் அடித்தால் குளியலறையிலிருந்து சோப்போடு ஓடி வருமளவுக்கு நம்பினேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்காதீர்கள்.

விடுமுறைக்கு என்னை யாரிடமாவது விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சனத்திடம் பிள்ளையை ஒரு மணி நேரம் விடுவதென்றால் மூன்று கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்: பிள்ளை சாப்பிட்டிட்டுதோ, தமிழ் வகுப்புக்கு விடுறீரோ, இவர் எங்க? முதல் இரண்டுக்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்காகத்தான் நான் மேல்மாடிக்குப் போனேன். பிங்கோ ஆட்டம் கீழ்த்தளத்தில் மட்டும்தான் நடக்கும், மேல்மாடி பல காலமாகப் பூட்டு, திறப்பு கிளீனர்களிடம். காலை ஏழு மணிக்கு யாரும் வரமுதல் அம்மா என்னைப் பக்கப் படியால் ஏற்றி, கடைசிக்கு முதல் வரிசையில் இருத்திவிட்டு, "தலையை வெளியால நீட்டப்படாது, இருமல் வந்தா சால்வைக்குள்ள இருமு" என்று தன் சால்வையை மடியில் போட்டுவிட்டுப் போவா. சம்பல் மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஜாம் பூசிய பாண். பதினொரு மணிவரை அவ்வளவுதான் என் உலகம். கூரையில் இருந்த பொன்னிறச் சிறகுச் சம்மனசுகளை எண்ணினேன். இருக்கைகளுக்குப் பெயர் வைத்து, டீச்சர் மாதிரி இடாப்புக் கூப்பிட்டேன்; கூப்பிடுவதும் மனதுக்குள்தான், "பிரசன்ட்" சொல்வதும் மனதுக்குள்தான். ஒருநாள் இருபத்தேழாம் இருக்கை வராமல் நின்றுவிட்டதாக நினைத்து அழுதேன், உண்மையாக.

கிளீனிங்குக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவம் அண்ணை. ஊரில் அப்பாவின் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அவருடைய வாயும் ஊரிலிருந்து அப்படியே வந்திருந்தது. கீழே மேசை துடைத்துக்கொண்டே அம்மாவைச் சீண்டுவது மேலே எனக்கு நன்றாகக் கேட்கும்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரர் கனடாவில இருந்து நல்ல குளிர்க் கோட் ஒண்டு அனுப்பினவரோ, இல்லாட்டி நாங்கள் சேர்த்து வாங்கித் தரவோ?"

"அனுப்புவார் அண்ணை. இப்ப வெயில்தானே."

"வெயிலோ! லண்டன் வெயிலை நம்பிப் பப்படம் காயப்போட்டவளும் கெட்டாள்."

அம்மா சிரிப்பா. அந்தச் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமைகளில் கென் என்ற வெள்ளைக்காரக் கிழவர் ஆர்கனைச் சுருதி பார்க்க வருவார். பஸ் ஓட்டி ஓய்ந்தவர், சம்பளம் இல்லாமல் செய்தார். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குழாய்கள் மேடைக்கு அடியில் அறை அறையாக இருக்கின்றன. கட்டைகளோ வெளியே, மண்டபத்தில். ஒருவர் வெளியே இருந்து ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றவர் உள்ளே அதற்குரிய குழாயைத் திருத்திவிட்டு "நெக்ஸ்ட்" என்று கத்த, அடுத்த கட்டை. காலை முழுக்க இதுதான். இவ்வளவு காலமும் கட்டை பிடித்தது கென்னின் மனைவி. அவவுக்கு இடுப்பில் ஆபரேஷன். கென் முதலில் சிவம் அண்ணையைத்தான் கேட்டார்.

ஐந்து நிமிஷத்தில் அண்ணை எழும்பி வந்துவிட்டார். "என்ர விரல் ரெண்டு கட்டையில விழுதாம். நான் என்ன செய்ய, கடவுள் வாழைப்பழம் மாதிரி விரல் தந்திட்டார். தங்கச்சி, நீர் போய் இரும். அந்த ஆள் சுருதி பாக்கேக்க தூசி இழுக்கிற ஹூவர் போடவும் விடமாட்டான், சும்மாதானே நிக்கிறீர்."

அம்மா மஞ்சள் ரப்பர் கையுறையைக் கழற்றி, கையை ஏப்ரனில் இரண்டு தரம் துடைத்து, அந்த நீள வாங்கில் ஓரமாக, யாரோ உரிமைக்காரர் வந்து எழுப்பிவிடுவார் என்பது போல உட்கார்ந்தா. அவவைச் சுற்றி அரைவட்டமாக மிட்டாய் நிறங்களில் சின்னச் சின்ன விசைகள். முன்வரிசைக் கம்பிவரை ஊர்ந்து வந்து பார்த்தேன், விளக்கு அவவுக்கு மேலே மட்டும். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக அம்மா வேறு ஒரு ஆள் போலத் தெரிந்தா.

அம்மா கட்டை பிடிக்க இருந்த மூன்றாவது செவ்வாய். அன்று கென் எடுத்தது உரத்த குழாய் வரிசை, எக்காளம் மாதிரி. அம்மா கட்டையை அழுத்தியதும் மண்டபம் முழுக்க அந்த ஒரே சுரம் நிரம்பிவிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு கம்பிக்குள்ளால் பார்த்தேன். அம்மாவின் வாய் அசைந்தது. பாட்டா? இல்லை. தலையை ஆட்டி, மற்றக் கையை விரித்து, யாரோ முன்னால் நிற்பது போலக் கதைத்துக்கொண்டிருந்தா. சுரம் நிற்க வாயும் நிற்கும். "நெக்ஸ்ட்." அடுத்த கட்டை, திரும்பவும் கதை. வீட்டிலோ சுவர் மெல்லிசு, பக்கத்து அறையில் நான். பஸ்ஸில் சனம், கோயிலில் அதைவிடச் சனம். அம்மாவுக்குச் சத்தம் போட்டு அழ லண்டனில் கிடைத்த ஒரே இடம் ஒரு எக்காளக் குழாயின் பின்பக்கம் என்பது இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒரு குழாய் சரிவரவில்லை போலும். கென் எதுவும் சொல்லாமல் அதை அப்படியே தூக்கி வெளியே எடுத்துவிட்டார். கட்டை அழுத்தியபடியே இருந்தது, சுரம் மட்டும் கத்தரித்தது போல நின்றது. அம்மாவின் குரல் நிற்கவில்லை.

"...நீங்கள் அவளோடயே இருங்கோ, எனக்கு ஒண்டும் வேண்டாம். பிள்ளை ஒவ்வொரு நாளும் போனைப் பாத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஒருக்கா போன் எடுங்கோ. ஒரே ஒருக்கா."

"ஒருக்கா" என்ற அந்தச் சொல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் அம்மாவுக்கு விளங்கியது. விரலைக் கட்டையிலிருந்து எடுக்காமலே உறைந்துபோனா. நான் எழும்பி நின்றுவிட்டேன், எழும்பினது தெரியாமலே. கீழே மேசைகளுக்கு நடுவே துணியும் கையுமாக சிவம் அண்ணை. அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாலு கிழமை ஒளித்து வைத்த பிள்ளையும், அதைவிடக் காலமாக ஒளித்து வைத்த சங்கதியும் ஒரே நிமிஷத்தில் அவர் கையில். பின்னேரத்துக்குள் டூட்டிங் முழுக்கப் பரப்பிவிடக்கூடிய வாய் அது.

அண்ணை குனிந்து ஹூவரைப் போட்டார். 

அந்தப் பழைய மெஷின் ட்ராக்டர் மாதிரி கத்தியது. தரையிலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு கென்னின் சிவந்த தலை வெளியே வந்தது. "நோ ஹூவர்! ஐ செட் நோ ஹூவர்!"

"சொறி, சொறி, மை மிஸ்டேக்" என்ற அண்ணை நிறுத்தாமல் ஒரே இடத்தை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டு, தமிழில் மண்டபத்துக்கே கேட்கக் கத்தினார்: "இந்தக் கிழவன் என்ன சொல்றானோ, எனக்கு ஒரு மண்ணும் கேக்கேல்லை. இந்த மெஷினுக்குள்ள ஒண்டும் கேக்காது தங்கச்சி. ஒண்டுமே கேக்காது."

அடுத்த நாள் அவர் சொன்னது இன்னொன்று: "மேல்மாடிப் படி ஏற எனக்கு முழங்கால் நோ. நான் அங்கால வரவே மாட்டன், நீரே பாத்துக்கொள்ளும்." அதற்குப் பிறகு கனடாக் கோட் பகிடியும் இல்லை. எங்கள் சனத்தில் யாருக்கும் தெரியவும் வரவில்லை.

அந்தச் செவ்வாய் திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டா. "மேல உனக்கு அம்மா கதைச்சது ஏதும் கேட்டதோ?"

"இல்லையம்மா. ஆர்கன் சத்தம் மட்டும்தான்."

அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய் அதுதான். அதற்குப் பிறகு வேலைக்கு அனுப்பிய சிவீயில் எழுதியதெல்லாம் சும்மா தூசு.

ஏனென்றால் அந்தப் பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கியது, அப்பா வரவில்லை. எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக "எப்ப வாறார்?" என்று நான் கேட்க வேண்டும். "பொங்கலுக்கு" என்பா. பொங்கலுக்கு "விசா", பிறகு "பனியாம், பிளேன் ஓடேல்லை." அப்பாவின் பிறந்தநாளுக்கு நான் கார்ட் கீறிக் கொடுப்பேன், அம்மா "நாளைக்குப் போஸ்ட் பண்ணுறன்" என்று வாங்கிக் கைப்பைக்குள் வைப்பா. இரண்டு பேர் இருந்த வீட்டில் ஆளுக்கொரு கனடா. எத்தனையோ நாள் அவவின் அறைக் கதவு வரை போய், தட்டாமல் திரும்பியிருக்கிறேன். பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன், அவ சொல்வதை நிறுத்தினா, அப்பா என்ற சொல்லே வீட்டிலிருந்து போய்விட்டது.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது, நாங்கள் லண்டனின் மறுபக்கம் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறோம். போன மாதம் அந்த மண்டபத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நான் தனியாகப் போனேன். பிங்கோ போய்விட்டது, அதை ஆடியவர்கள் போனிலேயே ஆடுகிறார்களாம். கென் இல்லை. சிவம் அண்ணையும் இல்லை, அவருடைய செத்தவீட்டுக்கு அம்மா வேலைக்கு லீவு போட்டுப் போய்க் கடைசிவரை நின்றவ. மேல்மாடியில் பின்வரிசைகளைக் கழற்றிவிட்டார்கள். கீழே ஒரு இளம் பெடியன் டேப்லெட்டோடு குழாய் அறைக்குள் இறங்கினான். அதைத் தட்டினால் கட்டை தானே அழுந்துமாம், வெளியே ஆள் தேவையில்லையாம். வாங்கில் யாரும் இல்லாமலே சுரம் வந்தது. சரியான சுருதிதான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தா. கோட்டைக் கழற்றாமலே சொன்னேன்.

"அம்மா, அண்டைக்கு எனக்குக் கேட்டது."

"எண்டைக்கு?" என்றா. கை நின்றுவிட்டது.

"நீங்கள் கட்டையை அமத்திக்கொண்டு கதைச்சது. கடைசியில சொன்னது முழுக்க."

அம்மா தண்ணீர்க் குழாயை மூடினா. "பிறகேனடி பொங்கலுக்கு வருவாரோ, வருஷத்துக்கு வருவாரோ எண்டு அரிச்சுக்கொண்டிருந்தனி?"

"கேக்காட்டி உங்களுக்கு விளங்கியிடும் எண்டுதான்."

"அடி விசரி! நீ கேக்கிறாய் எண்டுதானே நான் நித்திரை முழிச்சு முழிச்சு ஒவ்வொரு பொய்யாக் கண்டுபிடிச்சனான்." அம்மா சிரித்தா, இறால் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்துச் சிரித்தா, நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு முடிந்துவிட்டது.

"அப்ப நீயும் இதைத் தனியத்தான் வைச்சுக்கொண்டிருந்தனியோ?"

"ஓம்" என்றேன்.

அப்பாவைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்த முதல் உண்மைக் கதை அதுதான். அதற்கு மேல் கதைக்க இருவருக்கும் பழக்கமில்லை. நான் கோட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, மீதி இறாலை உரிக்கத் தொடங்கினேன்.