ஜெயம்மா போட்ட இலை

பேய்க் கதை என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இதில் இரண்டும் இல்லை. இது பகலில் நடந்தது. ஹஸீபுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவனும் யாரையும் நம்பவைக்க முயன்றதில்லை. சொல்லப்போனால் இதை வாய் திறந்து சொல்லவே அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. பயத்தால் அல்ல. வெட்கத்தால்.

ஹஸீப் மாவனல்லைக்காரன். பழைய புத்தகங்களை ஊர் ஊராகப் போய் வாங்கி, தூசி தட்டி, படம் எடுத்து, 'நடுப்பக்கம்' என்ற தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டு விற்பவன். விற்பதைவிட வாசிப்பதுதான் அதிகம். மொழிபெயர்ப்பு நாவல் என்றால் உயிர். ஏதோ ஒரு தூர தேசத்துப் பனிக்காலத்தை நினைத்துக்கொண்டே நடந்து, பஸாரில் முச்சக்கரவண்டிக்காரர்களிடம் ஏச்சு வாங்குகிற ரகம்.

ஒருநாள் அந்தப் பக்கத்துக்கு தர்மிளா என்ற பெண்ணிடமிருந்து சில படங்கள் வந்தன. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. படங்களில் அலுமாரி நிறையப் புத்தகம். மொஸ்கோவில் அச்சான தடித்த மொழிபெயர்ப்புகள், அட்டைகூடக் கசங்காமல். ஹஸீப் ஒவ்வொரு அட்டையையும் பெரிதாக்கிப் பார்த்தான். கூடவே ஒரு குரல் பதிவும் இருந்தது.

"இதெல்லாம் எங்க அப்பாவோட புத்தகங்கண்ணே. பேரு இந்திரகுமார், தோட்டத்து ஸ்டோர்ல தேயில அரைக்கிற வேல. போன வாரம் தவறிட்டாரு. அன்னைக்குக் காலையில அம்மாவோட சண்ட. சம்பளத்துல பாதிக்குப் புத்தகம் வாங்கிட்டு வந்துட்டாருன்னு, 'சோறு எதுக்கு, இனிமே புத்தகத்தையே தின்னுங்க'ன்னு அம்மா சொல்லிப்புட்டாங்க. போட்ட சோத்தத் தொடாம எந்திரிச்சுப் போனவரு, ஸ்டோர் படியிலயே விழுந்துட்டாரு. அம்மா அன்னையிலருந்து ஒரு வாய் சோறு திங்கல. தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். அவரு மன்னிச்சாத்தான் திம்பேன்னு உக்காந்துருக்காங்க. செத்தவரு எப்படிண்ணே மன்னிப்பாரு? புத்தகத்தப் பாத்தாலே அழறாங்க, அதான் குடுத்துறலாம்னு. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. முன் காம்பராவுல எடுத்து அடுக்கி வச்சிருப்போம். தூரத்துலருந்து வர்றீங்க, சாப்பாடு நம்ம வீட்லதான்."

ஞாயிறு என்றாள். ஹஸீப் சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டான்.

அவனுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆசை தாங்காமல் ஒரு படத்தைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டான். கொழும்பு வியாபாரி ஒருவர் உடனே கீழே எழுதினார்: "எந்தத் தோட்டம் தம்பி?" அவர் முந்திவிட்டால்? அந்தக் குரல் பதிவில் ஒரு வீடே அழுதுகொண்டிருந்தது. ஹஸீபின் காதில் விழுந்ததென்னவோ அலுமாரி மட்டும்தான்.

கேகாலை, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை. பஸ் மாறி மாறி ஏறியதில் பகல் சாப்பாடு தவறிப்போனது. பலாங்கொடையில் நின்று, "இன்றைக்கே வருகிறேன் தங்கச்சி, மன்னிக்கவும்" என்று செய்தி அனுப்பினான். கைபேசியில் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. இரட்டைச் சரி விழுந்ததா என்று அவன் பார்க்கவில்லை.

தோட்டத்து பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா அவனுடைய வெறும் உரப்பைகளைப் பார்த்தாள்.

"மரக்கறி ஏத்தவா தம்பி?"

"இல்லக்கா. புத்தகம் வாங்க."

"எடைக்கா?"

"இல்ல, எண்ணித்தான்."

"அடி ஆத்தி. எங்கூட்டுப் பயல புத்தகத்தோட சேத்து எடுத்துக்கிட்டுப் போறீங்களா? அவன் தொறக்காத புத்தகம், புதுசாவே இருக்கு."

பஸ் சிரித்தது. அவள் கீழ் டிவிசனில் இறங்கிக்கொண்டாள். மேல் டிவிசனில் இறங்கியது ஹஸீப் மட்டும்தான். "மல்லி, ஆப்பஹு பஸ் எக்க பஹட்ட," என்று கண்டக்டர் சிங்களத்தில் சொன்னான். திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு. அப்போது நேரம் மூன்று ஐம்பது.

மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். தகரக் கூரை, வரிசையாகக் கதவுகள். கடைசிக் காம்பராதான் தங்கள் வீடு என்று தர்மிளா எழுதியிருந்தாள்.

அங்கே ஏதோ சரியில்லை. என்ன என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் இல்லை.

ஒரு ரேடியோ இல்லை. பிள்ளை அழுகை இல்லை. சனிக்கிழமை பின்னேரம், ஒரு லயம் முழுக்க... எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

கடைசிக் காம்பராவின் முன்கதவைத் தட்டினான். பதில் இல்லை. பின்பக்கம் சுற்றிப் போனான். பீலிக் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சேறு படிந்த சப்பாத்தைக் கழற்றி, பையை அதன் பக்கத்தில் வைத்து, காலும் கையும் கழுவினான். குசினிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"தங்கச்சி... ஆக்கள் ஈக்கிறீங்களா?"

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆண்.

"வரலாமா?"

"ம்ம்."

உள்ளே போனான். குசினியில் யாரும் இல்லை. முன் காம்பராவிலும் யாரும் இல்லை. யன்னல் சாத்தியிருந்தது. மூலையில் சின்னதாக ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் அவன் முதலில் பார்த்தது புத்தகங்களைத்தான். சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பாய். பாயின் முன்னால் வாழையிலை. ஆவி பறக்கும் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வடை, சாலைக் கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் ஒரு டம்ளரில் சாயத் தேத்தண்ணி மாதிரி எதுவோ.

சாப்பாடு நம்ம வீட்லதான் என்று அவள் சொன்னது நினைவு வந்தது. தன் செய்தி கிடைத்துவிட்டது, புது ஆள் கூச்சப்படுவான் என்று விலகிப் போயிருக்கிறார்கள் என்று அவன் முடிவு கட்டினான். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நெகிழ்ந்துகூடப் போனான். பசி வேறு. பிஸ்மி சொல்லி ஒரு வடையை எடுத்தான்.

இலைக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நாவல் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தது. யாரோ பாதி வாசித்தது. ஹஸீப் அதை எடுத்துப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, விரித்திருந்த இடத்திலிருந்தே வாசிக்கத் தொடங்கினான். ஒருவன் உறைந்துபோன ஆற்றைக் குதிரை வண்டியில் கடக்கிறான். நடு ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விடுகிறது. ஹஸீப் பலாங்கொடையை மறந்தான், லயத்தை மறந்தான். வலது கை தன்பாட்டில் சோற்றைப் பிசைந்தது. கருவாட்டின் பக்கம் அவன் போகவில்லை. முள் பார்க்க வேண்டும், பிறகு வாசிக்க முடியாது.

தாகம் எடுத்தது. இடது கையால் டம்ளரைத் தூக்கினான். கண் புத்தகப் பக்கத்தின் கடைசி வரிகளில் இருந்தது.

சரக்.

பக்கம் புரண்டது.

அவன் வாசிப்பைத் தொடர்ந்தான். நான்கைந்து வரி போன பிறகுதான் உறைத்தது. வலது கை சோற்றில். இடது கையில் டம்ளர்.

காற்றாக இருக்கும்.

யன்னல் சாத்தியிருந்தது...

அவன் அசையவில்லை. கண் மட்டும் வரிகளில் இறங்கியது. நிறுத்தப் பயமாக இருந்தது. இன்னும் மூன்று வரி இருந்தது.

சரக்.

அவனைவிட வேகமாக வாசிக்கிற யாரோ.

டம்ளர் மூக்கருகில் வந்திருந்தது. தேத்தண்ணி வாசம் இல்லை. சாராயம்.

நிமிர்ந்து பார்த்தான். சுவரில் ஒரு மனிதரின் படம். புது மாலை.

வலது காதருகே மூச்சு. வெற்றிலையும் பீடியும் கலந்த மூச்சு. அவசரமில்லாத மூச்சு. நல்ல இடம் வந்தால் வாசிக்கிறவர்கள் விடுவார்களே, அப்படி ஒன்று...

"ம்ம்."

ஹஸீப் ஓடினான்.

பீலிக்கு வந்து ஒரு சப்பாத்தை மாட்டியிருப்பான். முன்பக்கம் கதவு திறக்கும் சத்தம். பல காலடிகள். பீலிச் சுவருக்குப் பின்னால் குந்தினான். வீட்டுக்குப் பலகைச் சுவர், உள்ளே ஒரு பெரியவரின் பேச்சு அப்படியே கேட்டது.

"அரை மணி நேரம் ஆச்சு, போதும். ஒவ்வொருத்தரா வாங்க. ஜெயம்மா, நீ பின்னால வா. படையலுக்கு வந்துருந்தா சாப்பிட்டிருப்பாரு. வராட்டியும் அழக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

ஹஸீபுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வீட்டில் அன்றைக்குக் காரியம். செத்தவர் வந்து சாப்பிட அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்தி, லயமே மூச்சுக்காட்டாமல் தள்ளி நின்றிருக்கிறது. சோறு, சாராயம், பாதி வாசித்த நாவல். விருந்தாளிக்கு வைத்தது அல்ல.

உள்ளே காலடிகள் நின்றன. பிறகு ஒரு பெண்ணின் குரல், கிழிந்து வந்தது.

"சாப்பிட்டுட்டாருடி... தர்மிளா, ஒங்கப்பா வந்து சாப்பிட்டுட்டாருடி."

"அம்மா, உக்காருங்கம்மா."

"இலைய எடுக்காத. நா அதுலயே திங்கிறேன். எம்மேல கோவம் இல்லடி அவருக்கு. கோவம் இருந்தா சாப்பிடுவாரா?"

அவள் சாப்பிட்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் வாய். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே மென்றாள்.

அவள் மெல்லுவது தன் எச்சில் என்று ஹஸீபுக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து போயிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சப்பாத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியே இருந்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் நழுவி, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தர்மிளா அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது அந்த இலக்கத்தையே தடுத்துவிட்டான். உம்மாவிடம் சொல்ல முடியவில்லை. எதைச் சொல்வது? செத்தவருக்குப் படைத்ததைத் தின்றதையா, சாராய டம்ளரைத் தூக்கியதையா, ஒளிந்திருந்து கேட்டதையா? பேயை நினைத்து அவன் தூக்கம் கெட்டதில்லை. அந்த மூச்சில் கோபம் இருக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்த அம்மா மெல்லும் சத்தம்தான். அடுத்த நோன்பில், மஃரிப் பாங்கு சொல்லி முதல் வாய் எடுக்கும்போதெல்லாம் அது கேட்டது. பெருநாள் முடிந்த மறுநாள் அவனே அழைத்தான்.

"ஆரு? ஓ... வர்றேன்னுட்டு வராமப் போன அண்ணனா. புத்தகம் இப்ப விக்கிறதுக்கு இல்லண்ணே. அப்பா வந்து போற வீடு, ஒண்ணையும் குடுக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"புத்தகத்துக்குக் கோல் எடுக்கல்ல தங்கச்சி."

எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது.

"அம்மாக்கிட்ட சொல்லிறாதீங்க," என்றாள் கடைசியில். "அந்த ஒரு இலைய நம்பித்தான் அவங்க இன்னைக்கு எந்திரிச்சு நடமாடுறாங்க."

"சொல்லமாட்டேன்."

"அவங்க சாப்பிட்டப்பவும் அங்கதான் இருந்தீங்களா? கேட்டுக்கிட்டு?"

"ஓம்."

"வெக்கமா இல்லையாண்ணே?"

"ஈக்கி. அதான் கோல் எடுத்த."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை.

"என்னென்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு வடை. சோறும் பருப்பும் மூணு நாலு வாய்."

"கருவாடு?"

"தொடவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"அல்லாஹ்வுக்காக, தங்கச்சி. வாசிச்சிக்கொண்டு திண்ட. முள்ளுக்குப் பயத்துல அந்தப் பக்கமே போகல்ல."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடி பேசியபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ கேட்டுவிடக்கூடாது என்பதைப் போல.

"அண்ணே, நான்தான் மொதல்ல உள்ள போனேன். இலையில ஒண்ணுமே இல்ல. வழிச்சுச் சாப்பிட்டிருந்துச்சு. கருவாட்டு முள்ளெல்லாம் ஓரத்துல வரிசையா அடுக்கி வச்சிருந்துச்சு. அப்பா அப்படித்தான் அடுக்குவாரு. ஒரு மூலையில மட்டும் ஒரு பிடி சோறு, கொழம்போட பெசஞ்சு, தனியா. அம்மாவுக்குன்னு அவரு எப்பவும் ஒதுக்கி வைக்கிற பிடி. அதத்தான் அம்மா சாப்பிட்டாங்க."

அழைப்பு அறுந்தது. அவளா, சிக்னலா, தெரியவில்லை.

ஹஸீப் கைபேசியைப் பிடித்தபடி நின்றான். அந்த அம்மா மென்றது அவன் எச்சில் இல்லை. ஒரு வருடமாகக் கழுத்தில் கிடந்த கல் இறங்க வேண்டும். இறங்கியது. ஒரு கணம்தான்.

அவன் ஓடிப்போய் ஒரு சப்பாத்தை மாட்டுவதற்குள் முன்கதவு திறந்துவிட்டது. இலை நிறையச் சோற்றை, முள் எடுத்து, ஓரத்தில் அடுக்கி, ஒரு பிடி பிசைந்து வைத்துச் சாப்பிட அந்த நேரம் போதாது. யாருக்கும் போதாது.

அப்படியானால் அது முன்பே நடந்திருக்க வேண்டும். அவன் அங்கே இருந்தபோதே. அவன் கை அந்த இலையில் இருந்தபோதே...

அவன் கண் புத்தகத்தில் இருந்தது. இலையைக் குனிந்து பார்க்கவே இல்லை.