அம்மா திக்ருக்குப் போன வியாழக்கிழமை

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறின மறு வருஷம். வில்லியனூரில் எங்கள் தெருவே ஒரு வியாழக்கிழமைக்காகக் காத்துக்கிடந்தது என்றால் நம்பமாட்டீர்கள். தெரு காத்ததோ இல்லையோ, நான் காத்துக்கிடந்தேன். பின்னே? அன்றைக்கு என் அத்தா எழுந்து நடக்கப்போகிறார்!

வாதம் வந்து அத்தா கட்டிலோடு கிடந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அம்மாதான். வாசல் தாண்டியே மாசக்கணக்காயிற்று. கூப்பிட்டால் எரிந்து விழுவாள். கூப்பிடாவிட்டால் பேச்சே கிடையாது. சேதி எட்டி, எங்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற பெரியம்மா வீடு தேடி வந்துவிட்டார். நோயாளியை வைத்துப் பார்க்கிற பெண்களையெல்லாம் வியாழன்தோறும் தம் வீட்டில் அல்லாவின் பெயரை எண்ணி எண்ணி ஓதும் திக்ருக்குக் கூட்டுகிறவர் அவர். அங்கே ஓதினால் அத்தா எழுந்து நடந்துவிடுவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"புருசன் படுத்துக் கெடக்கச்சே இவளுக்கு இன்னா கூட்டம்?" என்று பிடித்துக்கொண்டாள் அத்தாவின் அக்காள், அதாவது என் மாமி.

"ஒரு பொழுது நீ ஒன் தம்பியப் பாத்துக்க. இவ இப்டியே இருந்தா நாளைக்கு இந்த வூட்ல ரெண்டு கட்டில் போடணும்டி" என்றார் பெரியம்மா. மாமி வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

அம்மா கிளம்பினாள். கூடவே ஓடப் பார்த்த என்னை மாமி பிடித்து உட்காரவைத்துவிட்டாள். ஆனால் அவள் போட்ட வெற்றிலை வாயில் சிவப்பதற்குள், "ஓடுடி! உங்கம்மாவ இஸ்துகினு வா!" என்று அலறினாள்.

ஒரே ஓட்டம்!

பெரியம்மா வீட்டில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் புளியங்கொட்டைக் குவியல். ஒரு கொட்டையை எடுத்து, ஒரு முறை ஓதி, தனியே வைக்க வேண்டும். ஓதுமுன் மனசில் கிடப்பதை அல்லாவிடம் வாய்விட்டுச் சொல்லலாம் என்பது பெரியம்மா சேர்த்த புது வழக்கம். நான் நுழைந்தபோது கொட்டை அம்மா கையில்.

"யா அல்லா, எனக்கு முடியல. சில நாள் அவர் மொகத்தப் பாத்தாலே ஆத்திரமா வருது."

எல்லாரும் ஏசப்போகிறார்கள் என்று வாசலிலேயே நின்றேன். யாருமே ஏசவில்லை.

"எனக்கும்தான்டி" என்றாள் கண் தெரியாத மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி.

"சொல்லிட்டியா? ஓதி எறக்கி வை" என்றார் பெரியம்மா.

அம்மா ஓதி வைத்ததும் நான் கத்தினேன்: "மாமி கூப்புடுது! அத்தா படுக்கை, மாமி பொடவ எல்லாத்தையும் நனைச்சிட்டாரு!"

சட்டென்று எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதையும் மீறிக்கொண்டு வந்தது சிரிப்பு! அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது.

"புதுப் பொடவயாடி?" என்றாள் ஒருத்தி.

"குவியல் தீரட்டும், வருவா. மாமி கொஞ்சம் புழிஞ்சு காயப்போடட்டும்!" என்றார் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

என் அத்தாவைப் பார்த்தா சிரிக்கிறார்கள்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் குவியல் தீர்ந்தால்தானே அத்தா நடப்பார்? பொறுத்துக்கொண்டேன். கையேந்திக் கேட்கிற துவா முடிந்து கொடுத்த சர்க்கரை பொட்டுக்கடலையை வாயில் கொட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி வீட்டுக்குப் பறந்தேன்.

அத்தா படுத்தேதான் கிடந்தார்.

பின்னாலேயே வந்த அம்மா அவரைப் புரட்டித் துணி மாற்றினாள். "அக்காளுக்குப் பன்னீர் தெளிச்சீங்களாமே!" என்றாள். கோணிய வாயால் அத்தா சிரித்தார். "அடுத்த வாட்டி இவன ரெண்டு பேருமாப் புரட்டிப் போட்டுட்டு அப்பறம் போடி" என்றாள் மாமி.

நான் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதேன். அத்தனை கொட்டை ஓதியும் ஒரு கால்கூட அசையவில்லையே, பெரியம்மா ஏமாற்றிவிட்டாரே! அந்தக் குவியல் யாருக்காக ஓதப்பட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.