குருமன்வெளித் துறையில் ஓர் எஸ்எஸ்டி

நான் கல்யாணப் படம் எடுப்பவன். போன வாரக் கல்யாணத்தின் முழுப் படங்களும் என் கம்பியூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. இன்று காலை அது, சாகப்போகிற டிஸ்க் போல, டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது.

படங்களை மாற்றிக்கொள்ள ஒரு புது டிஸ்க் வேண்டும். களுவாஞ்சிக்குடிக் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே வேகமான எஸ்எஸ்டியைக் கேட்டேன். சூயிங்கம் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

"கம்பியூட்டர் போர்ட் என்ன மொடல் தம்பி? பெட்டி சீல உடைச்சா திருப்பி எடுக்க மாட்டம்."

"அதெல்லாம் சரியா இரிக்கும் அண்ணன்."

வீட்டுக்குத் திரும்ப, குருமன்வெளித் துறையில் மண்டூர்ப் படகில் கால் வைக்கும்போதுதான், இது பொருந்துமா என்ற பயம் பிடித்தது. மனைவியை அழைத்து, கம்பியூட்டரை நிறுத்தி மூடியைக் கழற்றச் சொன்னேன். "போர்டில சின்னத் துண்டொண்டச் செருகுற இடம் இரிக்கா?"

படகு நிறைந்துவிட்டது. "தம்பி, ஏறுறயா இல்லயா?" என்று கத்தினார் படகுக்காரர். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

ஸ்பீக்கரில் மனைவி: "இதுக்குள்ள தூசிதான் இரிக்கு. நீங்க சொல்ற இடம் இல்ல."

"வடிவாப் பாரு!"

"பாத்துட்டன். வயர் கொழுவுற இடம் மட்டும்தான்."

படகை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். சீல் உடையாததால், வயரில் கொழுவும் தட்டையான எஸ்எஸ்டியாக மாற்றித் தந்தார்.

திரும்பி வந்தால் அதே படகுக்காரர். "இதுக்கெண்டா இடம் இரிக்காமா?"

படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது படங்கள் புதியதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பாதிதான் ஆகியிருக்கிறது. டிக் டிக் நிற்கவில்லை.

என்ன வேண்டுமானாலும் கமென்ட் போடுங்கள். கரண்ட் போவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க வேண்டாம்.