மேட்டுக் கற்கள்

முதல் கல் வெடித்தபோது நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கக் குனிந்திருந்தேன். படாரென்று ஒரு சத்தம். ஒரு சில்லு என் கன்னத்தைக் கீறிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. அப்போது நான் தெரணியகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போன புது டீச்சர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குவார்ட்டர்ஸ் அடுப்படியின் புகைபோக்கி இடிந்து அடைத்துக் கிடந்தது. மழைநாளில் ஈரவிறகைப் பற்றவைத்தால் கண் அவிந்துவிடும். திருத்தித் தரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பின்வளவில் நானே ஒரு தீக்குழி வெட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். மண்வெட்டி பிடித்தறியாத கைக்கு எவ்வளவு திமிர்!

முதலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன். காற்று உள்ளே இறங்காமல் நெருப்பு புகைந்து புகைந்தே அணைந்தது. பின்னேர மழையில் குழி நிரம்பி, தவளை ஒன்று வந்து குடியேறியது. பிறகு பாதியை மூடி ஒரு சாண் ஆழத்தில் விட்டு, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சின்ன வாய்க்கால் கீறி, கீழே ஓடும் ஓயா என்கிற சிற்றாற்றிலிருந்து உருண்டைக் கற்களைப் பொறுக்கி வந்து சுற்றி அடுக்கினேன். அவைதான் வெடித்தன.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பிராவில் இருந்த, ரப்பர்ப் பால் வெட்டும் அக்கா. சிரிப்பை அடக்க அவர் முயலக்கூட இல்லை.

"ஐயையோ டீச்சர், ஓயாக் கல்ல யாராச்சும் நெருப்புல வைப்பாங்களா? உள்ளுக்குத் தண்ணி குடிச்சிருக்கும், வெடிக்காம என்ன செய்யும்? மேட்டுக் கல்லாப் பாத்து எடுத்து வைங்க."

கன்னத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டார். மறுநாளே, தங்கச்சியின் பிரசவத்துக்கென்று தெஹியோவிட்டைக்குப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை ரப்பர் மலையில் ஏறினேன். பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட பழைய மரங்களுக்குக் கீழே, சருகுக்குள் ஏழு கற்கள். எல்லாம் காய்ந்தவை, கைக்கு அடங்கியவை, பாதி மண்ணில் புதைந்தவை. ஒன்றில் மட்டும், நெற்றியில் திருநீறு இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. எனக்கென்றே யாரோ எடுத்து வைத்ததுபோல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதவே இப்போது கை கூசுகிறது. எங்கள் ஊரில் சுடலை என்றால் ஊருக்கு வெளியே எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம். பெயர் வைக்கும் முன்னே போய்விட்ட குழந்தைகளை மரத்தடியில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லை மட்டும் நட்டுவிட்டு, அடுத்த நாள் வேலைக்குப் போகிற சனங்களுக்கு நடுவில் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை.

குழி அருமையாக எரிந்தது. கோட்டுக் கல்லை, பார்வைக்கு வடிவாக இருக்கட்டும் என்று முன்பக்கம் வைத்திருந்தேன்.

மூன்று கிழமை கழித்து அக்கா திரும்பினார். எனக்கென்று கொஞ்சம் பலகாரம் கொண்டுவந்திருந்தார். வளவுக்குள் வந்தவர் அப்படியே நின்றார். பலகாரப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்தார். கல் சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை.

"இத எங்க எடுத்தீங்க, டீச்சர்?"

"மேலதான். நீங்கள்தானே அக்கா மேட்டுக் கல் எடுக்கச் சொன்னனீங்கள்?" சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"இது எம் மகன் தலமாட்டுக் கல்லு."

கற்கள் ஆறியதும் ஏழையும் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு இருவரும் மேலே ஏறினோம். மூன்று கிழமை மழை. அதற்குள் புல்லுவெட்டுகிறவர்களும் வந்து மலையைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பள்ளம்கூட இல்லை. "இஞ்சதான்... இல்லை, அங்கால" என்று மரத்துக்கு மரம் ஓடினேன். எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரிந்தது. கல்லை அடையாளம் தெரிந்த அக்காவுக்கும், கல் இல்லாமல் இடம் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம், கன்னத்தில் அறைந்திருக்கலாம். ஆறு கற்களை உத்தேசமாக வைத்தோம். எந்தப் பிள்ளையின் கல் எந்தப் பிள்ளையின் தலைமாட்டில் நிற்கிறதோ! ஏழாவதை அக்கா கீழே வைக்கவேயில்லை. மடியில் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, தீக்குழியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"செத்த எடத்துக் கல்ல லயத்துக்குள்ள எடுக்கக் கூடாது டீச்சர். இங்கயே இருக்கட்டும். குளிர்க்காய்ச்சல்ல போன புள்ள. அந்திக்கு ஒருக்கா மட்டும் பத்த வச்சிருங்க."

நான்கு வருடம் பற்றவைத்தேன். காய்ச்சலோடு, குடை பிடித்துக்கொண்டுகூட. சில அந்திகளில் அக்கா வந்து எதிரே குந்துவார். அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பயமாக இருக்கும். பற்றவைக்காமல் இருக்க அதைவிடப் பயம்.

பிறகு கேகாலைக்கு மாற்றம் வந்தது. எனக்குப் பதிலாக வந்த மாஸ்டர் கையோடு கேஸ் அடுப்பு கொண்டுவந்தார். விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். "பாப்பம் டீச்சர்" என்றார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நிற்கும் சந்திவரை அக்கா என் பெட்டியைச் சுமந்து வந்தார். பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இனி யாரு டீச்சர் அவனுக்குப் பத்த வைப்பா?"

கண்டக்டர் அவசரப்படுத்தினான். நான் ஏறிக்கொண்டேன். இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது இருக்கும் வீட்டிலும் அந்தியில் மழை பிடித்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு, தீப்பெட்டியைத் தேடி எழுந்துவிடுகிறேன்.