கதவு மட்டும் நின்ன படம்

டப்பிங் தியேட்டர்ல வேலைன்னா குரல் கொடுக்கிறதுன்னு நினைப்பாங்க. எனக்கு அது எச்சில் துவைக்கிற வேலை. மைக்குக்கு மாட்டுற கறுப்பு நுரை உறைகளைச் சோப்புத் தண்ணியில பிழிஞ்சுக்கிட்டே, நடுநடுவே கையைத் துடைச்சுட்டு இதை எழுதுறேன். யார் யாரோ அழுதது, கத்தினது, காதல் பண்ணினது எல்லாம் அந்த உறையில நாறும். என்னை மாதிரியே அடுத்தவங்க இடத்தைப் பெருக்கித் துடைக்கிற உங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

தூங்குற ரூம்

பம்மல்ல ஒரு தோல் குடோனுக்கு மாடியில இருக்கு எங்க தியேட்டர். என் வீடு பொழிச்சலூர்ல, தலைக்கு மேலேயே பிளேன் இறங்குற தெரு. ஒன்றரை வயசுப் பாப்பா கண்ணை மூடினா ஒரு பிளேன் வரும், வீல்னு எழுந்திரிப்பா. வெளிச்சத்தம் நுழையாத இந்த ரிக்கார்டிங் ரூம்ல மட்டும்தான் அசந்து தூங்குறா. குழந்தையைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்க எனக்கு வாய் வரலை. குரல் கொடுக்கிற செல்வி அக்காதான் எனக்காகக் கேட்டாங்க. தியேட்டரை நடத்துற சார் கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னார்: "தூங்கட்டும்மா. இங்க வர்ற ஆர்ட்டிஸ்டுங்களை விட அவதான் டேக் நடக்கறப்ப அமைதியா இருக்கா."

சாம்பல்ல ஒரு கதவு

வேலையே இல்லாம ஈ ஓட்டிக்கிட்டிருந்தப்ப ஒரு இங்கிலாந்துப் படம் வந்தது. பழைய காமெடிப் படமாம். குண்டு விழுந்து உலகமே சாம்பல். மிஞ்சினது ஏழெட்டுப் பேரும் ஒரு கதவும். வீடு இல்லை, சுவர் இல்லை, கதவு மட்டும் நிக்குது. சுத்திக்கிட்டுப் போனா உள்ளே போயிடலாம். ஆனா தொப்பி போட்ட ஒருத்தர் தினம் வந்து கதவைத் தட்டுவார். மிதியடியில காலைத் துடைச்சுட்டு, கரண்ட் மீட்டர் பார்க்கணும்பார். வீட்டுக்காரம்மா, நாளைக்கு வாங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்திடும்.

ரெண்டு பேர் மூஞ்சியிலும் சிரிப்பே கிடையாது. அந்த ஊர்ல காமெடின்னா அப்படித்தான் இருக்கும்னார் சார். செல்வி அக்கா ஹெட்போனைக் கழட்டினாங்க: "இன்னா சார் இது? உலகமே பூட்ச்சு, இவன் காலைத் தொடச்சுகினு கீறான்!"

சிரிச்சுக் காட்டின கதை

வாங்கப்போறவர் போன்ல படம் காட்டுற ஒரு கம்பெனிக்காரர். சனங்க சிரிச்சா வாங்கிக்கிறேன்னாராம். இதுவும் போகலைன்னா தியேட்டரை மூடி, கீழே இருக்கிற குடோன்காரருக்கே விட்டுட வேண்டியதுதான்னு சார் சொல்லிட்டார். சனங்கன்னா அங்கே யாரு? துடைப்பத்தோட நின்ன நான்தான். ஸ்டூல் போட்டு உட்கார வச்சு, படத்தை ஓட்டிவிட்டு, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தார்.

படத்துல மழைத் தண்ணி வடியுது. அந்தம்மா மண்ணுல கிடந்த ஒத்தைத் தட்டை எடுத்துக் கழுவுது, துடைக்குது, வைக்க இடமில்லாம திரும்பக் கழுவுது. ஆத்துத் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்த வருஷம் நானும் அதைத்தான் செஞ்சேன். பாப்பா தூங்குற ரூமை நினைச்சு வாயை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வரலை. சார் படத்தை நிறுத்தினார்: "சிரிக்க வேணாம்மா. பல்லையாவது காட்டு."

ஒரே ஒரு வரி

கடைசி நாள் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, ஒரு வரிதான் பாக்கி. என்னை மைக் முன்னாடி தள்ளிவிட்டுட்டாங்க. மீட்டர்காரரைக் கடைசியா உள்ளே கூப்பிட்டு, சாம்பல் மேட்டைக் காட்டி அந்தம்மா சொல்லணும்: தப்பா நினைச்சுக்காதீங்க, வீடு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு.

வெள்ளம் வடிஞ்சப்ப, கணக்கெடுக்க வந்த ஆபீசர்கிட்ட முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டு நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். தலை நிமிராம அப்படியே சொல்லிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் சிரிச்சுச் சிரிச்சு மேஜையில கவுந்துட்டார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அக்கா கரகரத்த குரல்ல சொன்னாங்க: "அழுவாத கண்ணு. நீ அழுதா அவுரு இன்னும் சிரிப்பாரு."

வந்து பார்த்தவர்

போன வாரம் கம்பெனிக்காரர் வந்தார். ஏசி போட்டு, விளக்கை அணைச்சோம். மூலையில பாப்பா தூங்கிக்கிட்டிருந்தா. கதவு வந்தது, மீட்டர்காரர் வந்தார், என் குரலும் வந்தது. சிரிப்புச் சத்தம் மட்டும் வரலை. இருட்டுல சார் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்.

விளக்கைப் போட்டதும் அவர் கண்ணைக் கசக்கிக்கிட்டே எழுந்தார்: "சாரி சார், படம் நமக்கு ஒத்துவராது. ஆனா ரூம் சூப்பர். இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சு!"

இன்னிக்குக் காலி பண்றோம். மைக்கெல்லாம் வித்தாச்சு, உறையை எதுக்கு இன்னும் துவைக்கிறேன்னு எனக்கே தெரியலை. ஸ்பீக்கரைக் கழட்டின வெறும் ரூம்ல பாப்பா மட்டும் இன்னும் தூங்குறா. மொத்தத்துல இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது, உலகமே சாம்பலானாலும் மிதியடியை உதறிப் போட ஒருத்தி வேணும், ஆனா அவ பெத்தது படுத்துத் தூங்க மட்டும் ஒரு இடம், இருங்க, சார் கூப்பிடறார், பாப்பாவைத் தூக்கிக்கணுமாம், அந்த ரூம் கதவைக் கழட்டப் போறாங்களாம்.