சங்கக்கடையில் கேட்ட என் ஒப்பாரி

என் வாழ்நாளின் பெரும்பகுதி வானொலியிலேயே போனது. நடித்தேன், பிறகு மற்றவர்களை நடிக்க வைத்தேன், அதற்கும் பிறகு ஒலிநாடாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வந்தது பெரிய காரியமில்லை. போன வேகத்தில் வீட்டுக்கு இழுத்து வரப்பட்டு, மறுபடியும் போனேனே, அதுதான் காரியம்.

அப்போது எனக்குக் கலியாணமாகவில்லை. கொழும்பில் மாமா வீட்டில் தங்கி, ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்தேன். குரல் தேர்வில் தெரிவாகி, ஞாயிறு பின்னேர நாடகங்களில் தோழி, அயல்வீட்டுப் பெண் என்று இரண்டு வரி, மூன்று வரி பேசி வந்தேன். ஐயாவும் அம்மாவும் ஊரில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் செய்துகொண்டிருந்தார்கள். காடு வெட்டிக் குடியேறவென்று யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு ஸ்கந்தபுரத்தில் ஒரு சம்பந்தம் பேசி, முக்கால்வாசி சரிவந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் முதல் பெரிய பாத்திரம் கிடைத்தது. முல்லைத்தீவு மீனவன் ஒருவனின் மனைவி. கடலுக்குப் போனவன் திரும்ப மாட்டான். கடைசிக் காட்சிக்குப் பிரதியில் "அழுகிறாள்" என்று ஒரே ஒரு சொல். ஒலிப்பதிவின்போது எனக்குப் பக்கத்தில் ஒருவர் சுளகில் நெல்லைப் போட்டு, சாய்த்துச் சாய்த்துக் கடல் இரைச்சலை உண்டாக்கிக்கொண்டிருந்தார். நான் விம்மினேன். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, தடிமன் பிடிச்ச மாதிரியெல்லோ இருக்கு!"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. செத்தவீடுகளில் கேட்டுக் கேட்டு ஒப்பாரி எனக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் பக்கத்தில் கலியாணமாகாத குமர்ப்பிள்ளை ஒப்பாரி சொல்லக்கூடாது. அதுவும் புருஷனுக்குச் சொல்வதென்றால், வரப்போகும் தாலிக்குத் தானே வினை தேடுவது. தெரிந்துகொண்டேதான் வாயைத் திறந்தேன். "வலை காயுது முற்றத்திலை, என்ரை ராசா வரக் காணேனே" என்று தொடங்கியவள், தயாரிப்பாளர் கையைக் காட்டும்வரை நிறுத்தவில்லை. சுளகு பிடித்தவர் கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் நின்றார்.

ஞாயிறு அது ஒலிபரப்பானபோது ஊரில் நடந்ததை ஐயா சொல்லித்தான் அறிந்தேன். அங்கே இருந்த ஒரே வானொலி கூட்டுறவுச் சங்கக்கடையில், கார் பற்றறியில் பாடியது. மகளின் பெருமையைக் காட்ட ஐயா ஊரையே கூட்டியிருந்தார். போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் தாயையும் வண்டில் விட்டு அழைப்பித்திருந்தார். நான் ஒப்பாரியைத் தொடங்கியதும் அம்மா சனத்தைத் தள்ளிக்கொண்டு போய் வானொலியைத் திருகி நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் தாய் எழும்பி வண்டிலில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாளே ஐயா ரயிலேறி வந்து என்னைக் கூட்டிப்போனார். அம்மா உப்பும் மிளகாயும் என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார்.

"நுணலும் தன்ரை வாயாலை கெடும் எண்டு சும்மாவோ சொன்னவை? இனி உனக்குக் கொழும்பும் இல்லை, றேடியோவும் இல்லை."

"நடிப்புத்தானே அம்மா."

"அதை ஊருக்குச் சொல்லு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமோ?"

சம்பந்தம் குழம்பியதில் எனக்குக் கவலையே இல்லை. மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை அடுத்த நாடகத்தின் ஒலிப்பதிவு. நான் போகாவிட்டால் அதில் எனக்குத் தந்த பாத்திரம் வேறொருத்திக்குப் போகும், பிறகு என்னைக் கூப்பிடவே மாட்டார்கள். அதை நினைத்துத்தான் நெஞ்சு எரிந்தது.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளையின் தாய் வந்தார். சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் அதில் இருக்காமல் என்னிடம் வந்தார்.

"மிச்சத்தைச் சொல்லு பிள்ளை."

"எந்த மிச்சம் மாமி?"

"கொம்மா நிப்பாட்டின மிச்சம்."

அம்மா பதறிப்போனார். "நல்ல காரியம் பேசிற வீட்டிலை என்ன கதை இது!"

"காடு வெட்ட வந்த முதல் வருசமே என்ரை மனுசன் காய்ச்சலிலை செத்துப்போச்சு, தங்கச்சி. ஒப்பாரி சொல்ல நாலு பொம்பிளையள் தோளைப் பிடிக்கவேணும். அப்ப இஞ்சை நானும் கைப்பிள்ளையுந்தான், மிச்சம் எல்லாம் ஆம்பிளையள். நான் வாய்விட்டு அழேல்லை. அண்டைக்குச் சங்கக்கடையிலை இந்தப் பிள்ளை தொடங்க, எனக்கு நெஞ்சுக்குள்ளை ஏதோ அவிண்டுது. நீங்கள் நிப்பாட்டிப்போட்டியள்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தொடங்கிவிட்டேன். கலையகத்தில் நடுங்காத குரல் இங்கே நடுங்கியது. இரண்டாவது அடியிலேயே மாமி நிலத்தில் இருந்துவிட்டார். பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடலுக்குப் போனவனுக்கு அழத்தான். காட்டில் செத்தவருக்கு என்ன சொல்வது? தடுமாறி நிறுத்தினேன்.

அம்மா வந்து மற்றப் பக்கத்தில் குந்தினார். மாமியின் தோளில் கையைப் போட்டு, நான் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். "காடு வெட்டிக் கழனி செய்தாய், கதிரறுக்கக் காணேனே." அதைக் கேட்டதும் மாமி வாய்விட்டு அழுதார். அயல் பெண்கள் இரண்டு பேர் வேலியில் விட்டிருந்த பொட்டு வழியால் வந்து சேர்ந்துகொண்டார்கள். எனக்குள் ஒரு பெரிய சந்தோஷம். ஒப்பாரிக்கு நடுவில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அழுது முடிந்து, முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்தபின் மாமி ஐயாவிடம் சொன்னார்: "ஆவணியிலை நாள் வையுங்கோ."

ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பிள்ளை இனிக் கொழும்புப் பக்கமே போகமாட்டாள், அக்கா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். ஒப்பாரியில் குரல் கட்டிப்போய், காற்றுத்தான் வந்தது. அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்து, ஐயாவை முறைத்தார்.

"விடிய ரயிலேறிற பிள்ளை தொண்டை அடைச்சுப்போய் நிக்கிறாள். நீங்கள் அந்தக் கதையை விட்டிட்டு, ஓடிப்போய் அவிச்சுக் குடுக்கக் கொஞ்சம் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வாங்கோ."